முள்ளைத் தூக்கிய பிறகு

அன்று காலை பந்தலில் என் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிற என் மச்சான், பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் தாய்மாமன், காபி டம்ளரோடு வந்து நின்ற சமையல்காரர். ஐந்து பேர். மேசைக்கு எட்டடி தள்ளி மணையில் மாப்பிள்ளை, ஐயர், அப்போதுதான் கூட்டிவந்து உட்கார வைத்த பெண். நாயனக்காரர் ஒருவர், தவில்காரர் ஒருவர். மற்றவர்களை நான் எண்ணவில்லை. இருநூறு பேர் என்று பிறகு சொன்னார்கள், முந்நூறு என்றும் சொன்னார்கள். யார் தப்பு என்று பேச்சு வந்தபோதெல்லாம் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னதால், எனக்குத் தெரிந்ததை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து கடை ஒன்றில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு ரெக்கார்டு பிளேயர், நான்கு குழாய், இரண்டு மைக், சீரியல் பல்பு நூறடி, ரெக்கார்டு நூற்றுச் சொச்சம். பள்ளிக்கூடம் ஏழாவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பாட்டுப் புத்தகம்தான். விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே தள்ளுவண்டியில் நாலணாவுக்கு விற்பார்கள். ரெக்கார்டு வாங்க விழுப்புரம் போகும்போதெல்லாம் பத்து இருபது அள்ளிக்கொண்டு வருவேன்.

எனக்குப் பயம் ஜாஸ்தி. பிறவியிலேயே அப்படி. ஒரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கினால் அந்த நிமிஷத்திலிருந்து கேள்விகள் ஆரம்பம். கரண்டு போனால்? ஃபியூஸ் போனால்? மழை வந்து குழாயில் தண்ணீர் இறங்கினால்? கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மச்சான் சிரிப்பான். "மாமா, அந்தப் பூட்டு ஒன்னப் பாத்தே தேஞ்சி போவுது" என்பான்.

ஆனால் பெரிய பயம் கரண்டு இல்லை, பாட்டுதான். எங்கள் தொழிலில் கைராசி என்று ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் முதலில் ஒலிப்பது ரேடியோ செட். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி அபசகுனமாக ஒரு சொல் வந்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் மாடு செத்தாலும் நம் பெயர்தான் வரும். கைராசி இல்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும், அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு கல்யாணம் கிடைக்காது. கல்யாணம் கிடைக்காவிட்டால் எங்களுக்குச் சோறு கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தச் சரணத்தில் என்ன சொல் வருகிறது என்று எழுதிவைப்பேன். கண்ணீர், பிரிவு, தனிமை, சாவு, பாவம், விதி என்று வந்தால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பல்லவியும் முதல் சரணமும் குதூகலமாகப் போகும் பாட்டு இரண்டாம் சரணத்தில் காலை வாரிவிடும். அந்த இடம் வருவதற்கு முன்னால் ஒலியைக் குறைத்து, பிளேயர் முள்ளைத் தூக்கி, வேறு ரெக்கார்டுத் தட்டைப் போட்டுவிட வேண்டும். முப்பது பாட்டுக்கு எந்த நொடியில் கை போக வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

நோட்டில் தப்பித்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். பழைய பாட்டு, படம் ஓடவில்லை. மணி கட்டின மாட்டுவண்டி மண் ரோட்டில் வருகிறது, பெண் கேட்டு வருகிறார்கள், வீட்டில் பெண் தலைவாரிக்கொண்டு நிற்கிறாள். அது பல்லவியும் முதல் சரணமும். தாளம் ஆட வைக்கும். இரண்டாம் சரணம் இப்படி:

வந்த வண்டி திரும்புதடி
வாசலெல்லாம் புழுதியடி
விரிச்சு வச்ச பாய்மேல
வெயில் வந்து குந்துதடி

என் பட்டியலில் உள்ள சொல் ஒன்றாவது இதில் இருக்கிறதா? வண்டி, வாசல், பாய், வெயில். எல்லாம் நல்ல சொற்கள். நான் டிக் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கல்யாணத்தில் முழுசாகப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஓமந்தூர்ப் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில்தான் கவனித்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா அந்த நாலாவது வரியில் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி நறுக்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் நோட்டை எடுத்து எழுதினேன்: இரண்டாம் சரணம் வேண்டாம். காரணம் தெரியவில்லை.

எழுதினவர் யார் என்று பாட்டுப் புத்தகத்தில் தேடினேன். பெயர் வர வேண்டிய இடத்தில் மை இழுகியிருந்தது.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தபோது நல்ல வெயில். இரண்டு ஏக்கரில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டிருக்கிற ஆள். கல்யாணம் பெண் வீட்டிலேயே. இரண்டு நாளைக்கு, சீரியல் பல்போடு சேர்த்து முந்நூறு ரூபாய் பேசினோம். நூறு கொடுத்தார். பஸ்ஸுக்கு வைத்திருந்ததில் இன்னும் ஒரு பதினைந்தை எடுத்து வைத்தார்.

"மிச்சம் தாலி கட்டி முடிச்சதும் கையில வாங்கிக்க. பாட்டுதான் முக்கியம். எம்பொண்ணுக்கு ஒரு பாட்டு புடிக்கும். மணையில வந்து குந்தும்போது அது ஓடணும்" என்றார்.

"என்னா பாட்டுங்க?"

பல்லவியைப் பாடியே காட்டினார். அதே மாட்டுவண்டிப் பாட்டு.

"அது மட்டும் வோணாங்க. வேற எது கேட்டாலும் போடறேன்."

"ஏம்பா? அதுல என்னா இருக்குது? சாவற பாட்டா?"

"இல்லீங்க. ரெண்டாவது சரணம் ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா?"

சொல்லத் தெரியவில்லை. வெயில் வந்து பாயில் உட்காருகிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயிலு எங்கதான் குந்தாது? ரொம்பப் பயந்தவனா இருக்கியே நீ. மொத சரணத்தோட நிறுத்திடு, போ. ஒத்தப் பொண்ணு கேக்குது."

ஒத்துக்கொண்டேன். மூன்று நாள் தூங்கவில்லை. கடையில் உட்கார்ந்து அந்தத் தட்டைப் போட்டுப் போட்டுப் பழகினேன். முதல் சரணம் முடியும், பல்லவி திரும்ப வரும், பிறகு புல்லாங்குழல் பதினோரு நொடி. அந்தப் பதினோரு நொடிக்குள் தூக்க வேண்டும். பத்துத் தடவை செய்தால் பத்துத் தடவையும் சரியாக வந்தது.

முகூர்த்தத்தன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கரண்டு இருந்தது. மழை இல்லை. பெண்ணைக் கூட்டிவந்தார்கள், பாட்டைப் போட்டேன். தலை குனிந்து வந்த பெண் பல்லவியைக் கேட்டதும் ஒரு நொடி நிமிர்ந்து என் மேசையைப் பார்த்தது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் பார்க்கவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேசைக்கு வந்தார். விழுப்புரத்துக்கு மேற்கே ஏதோ ஊர். வெற்றிலை வாய்.

"யோவ் ரேடியோ செட்டு, மைக்க குடு. சீரு என்னென்னான்னு சொல்லணும்."

"பாட்டு முடியட்டுங்க."

"நீயே சொல்லு அப்ப. அஞ்சு பவுனு, பித்தள பாத்திரம், கட்டிலு, அப்பறம் கெணத்துக்கு ஆயில் என்ஜின் ஒன்னு. ஆயில் என்ஜின்ன ரெண்டு வாட்டி சொல்லு. ஊரு கேக்கட்டும்."

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். தாய்மாமனிடம் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், அது மல்லாட்ட வெட்டனதும்னுதான பேச்சு? இப்ப எதுக்கு மைக்குல?"

"வாங்கித் தர்றவனுக்கு மைக்குல சொன்னா என்னா பேஜாரு?"

"சொல்லாதப்பா நீ" என்றார் பெண்ணின் அப்பா என்னிடம்.

"சொல்லுய்யா" என்றார் தாய்மாமன். என் மணிக்கட்டைப் பிடித்தார். வலது கை. முள்ளைத் தூக்குகிற கை.

சமையல்காரர் காபியை நீட்டிக்கொண்டு, "கைய உடுங்க சாமி, தொழில் பண்றவன்" என்றார். மச்சான், "மாமா, பாட்டு!" என்றான்.

புல்லாங்குழல் முடிந்திருந்தது. "வந்த வண்டி திரும்புதடி" என்று நான்கு குழாயிலும் போனது. கையை உதறி முள்ளைத் தூக்கினேன். ஒலியைக் குறைக்கக்கூட நேரமில்லை, கத்தரித்த மாதிரி நின்றது. ஒரு வரிதானே போயிற்று, மீதியைத் தடுத்துவிட்டோம் என்று ஒரு மூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முடிவதற்குள் பந்தல் பாடியது.

யாரும் சொல்லிவைத்துக்கொண்டு பாடவில்லை. தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், தாம்பாளத்தைப் பிடித்திருந்த பெண்கள். வாசலெல்லாம் புழுதியடி. தாளம் தப்பவில்லை. விரிச்சு வச்ச பாய்மேல வெயில் வந்து குந்துதடி. நாலாவது வரியைக் கொஞ்சம் இழுத்தே பாடினார்கள். பாடி முடித்ததும் தாங்கள் பாடியதை நினைத்துச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தது. ஓய்ந்த பிறகுதான் என்ன பாடினோம் என்று அவர்களுக்கே கேட்டது.

ரெக்கார்டு பாடியிருந்தால் அது எங்கோ மெட்ராஸில் ஒருத்தி பாடியதாகப் போயிருக்கும். பாதிப் பேர் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். நான் தடுத்ததால், பெற்ற தாய், அத்தை, சித்தி எல்லாரும் தங்கள் வாயாலேயே அந்தப் பெண்ணைப் பார்த்துப் பாடிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி முதலில் வாயைத் திறந்தாள். "என்னாடி இது, தாலி ஏறல, அதுக்குள்ள வண்டியத் திருப்பிக்கினு பாடறாளுங்க!"

ஐயர் கையை ஆட்டினார். நாயனக்காரர் கெட்டிமேளம் எடுத்தார். தாலி ஏறியது. என் காபி ஆறிப்போனது.

அன்றைக்கு மிச்சப் பணம் வரவில்லை. "அப்பறமா வா" என்றார் பெண்ணின் அப்பா. அது நியாயம்தான், கல்யாண வீடு. ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெண்ணை ஒரு பெட்டியோடு அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மல்லாட்டை அந்த வருஷம் காய்க்கவில்லை. ஆயில் என்ஜின் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. காரணம் அதுதான், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் என்ஜின் என்று சொன்னால் ஒரு பக்கம் கேவலம் கேட்டவனுக்கு, இன்னொரு பக்கம் கேவலம் கொடுக்க முடியாதவனுக்கு. பாட்டு என்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் கேவலம் இல்லை.

பழி பாட்டின் மேல் விழுந்தது எனக்கு அப்போது தெரியாது. பாக்கி கேட்கப் போனேன். பெண்ணின் அப்பா களத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா? எம்பொண்ணு வாழ்க்கைய மைக்கு வச்சிப் பாடிக் கெடுத்துட்டு, இப்ப கூலிக்கு வந்து நிக்கிற."

"நான்தான் அந்தப் பாட்டு வோணாம்னு சொன்னேங்க."

"சொன்னல்ல? அப்ப ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் போட்ட."

திரும்பி நடந்து கூட்டேரிப்பட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன்.

அடுத்த தை மாதம் ஒரு கல்யாணம்தான் வந்தது. அதுவும் மச்சானின் சிநேகிதன். சித்திரையில் ஒன்றும் இல்லை. கடைக்கு எதிரே ஒருத்தர் டேப் ரெக்கார்டர் வைத்துக் கடை போட்டார். கேசட்டில் வேண்டாத சரணத்தை முன்னமே எடுத்துவிட்டு ரெக்கார்டு செய்து வைத்திருந்தார். மச்சான் அவரிடம் வேலைக்குப் போனான். போகும்போது அழுதான். நான்தான், "போடா, போய்ப் பொழைக்கிற வழியப் பாரு" என்றேன்.

வேலையில்லாத அந்த நாட்களில் எனக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம் வந்தது. மத்தியானங்களில் கடை வாசலில் குழாயைத் திருப்பி வைத்து ஏதாவது பாட்டைப் போடுவேன். சரணத்தின் நடுவில் முள்ளைத் தூக்கிவிடுவேன். எதிர் டீக்கடையைப் பார்ப்பேன். பெரும்பாலும் டீ ஆற்றுகிறவர் தலையை நீட்டி, "இன்னாயா, கரண்டு பூட்ச்சா?" என்பார். பெரிய பெரிய பாட்டெல்லாம் அப்படித்தான். கேட்கும்போது கண்ணை மூட வைத்த பாட்டு, நின்றதும் கரண்டுக் கேள்வியாகிவிடும். நூற்றுச் சொச்சத்தில் நாலைந்துதான் வேறு மாதிரி. தூக்கின பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சைக்கிளில் போகிறவன் மீதி வரியை எடுத்துக்கொண்டு போவான். பாட்டு நின்றதே அவனுக்குத் தெரியாது.

அந்த நாலைந்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்றிலும் என் பட்டியல் சொல் இல்லை. பெரிய வார்த்தை எதுவும் இல்லை. துக்கம் என்று ஒரு பாட்டு சொன்னால், சரி, அவனுக்குத் துக்கம் என்று நாம் தள்ளி நின்று பார்க்கலாம். பாய் என்று சொன்னால் எங்கே தள்ளி நிற்பது? எல்லார் வீட்டிலும் பாய் இருக்கிறது. யாருக்காகவோ விரித்து, யாரும் வராமல், சாயங்காலம் சுருட்டி வைத்த பாய் எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். எழுதினவர் அந்தப் பாயை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார். அழுவதை நம்மிடம் விட்டுவிட்டார். அதனால்தான் அது அவருடைய பாட்டாக இல்லாமல் போனது. நம் வாயில் இருப்பதை முள்ளைத் தூக்கி எப்படி நிறுத்துவது?

நல்ல பாட்டு என்றால் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நல்ல பாட்டு மனுஷனுக்கு நல்லது செய்யும் என்று யாராவது மேடையில் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். அது எனக்கும் செய்யவில்லை, அந்தப் பெண்ணுக்கும் செய்யவில்லை. எழுதினவருக்குப் பெயரைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கல்யாண வேலை நின்ற பிறகு சாவு வேலை வர ஆரம்பித்தது. கைராசி இல்லாதவனைச் சாவு வீட்டுக்குக் கூப்பிடுவதில் என்ன கெடுதல்? பந்தலும் சீரியல் பல்பும் இல்லை, இரண்டு குழாய் போதும். நோட்டில் பெருக்கல் குறி போட்ட பாட்டெல்லாம் இப்போது தேவைப்பட்டன. முன்பு எந்தச் சரணத்துக்கு முன்னால் முள்ளைத் தூக்கினேனோ அந்தச் சரணத்திலிருந்தே இப்போது முள்ளை வைப்பேன். என் வீட்டுக்காரி, "அதே ரெக்கார்டு, அதே பொட்டி. எண்ணெ சட்டிக்குப் பயந்து அடுப்புல உழுந்த கத" என்பாள். என் பயமும் குறைந்தது என்று நினைக்காதீர்கள். சாவு வீட்டிலும் ஃபியூஸை மூன்று தடவை பார்ப்பேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு காலை கூட்டேரிப்பட்டிலிருந்து ஆள் வந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா போய்விட்டார்.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, கல்யாணத்தன்று போட்ட அதே மூலையில் மேசையைப் போட்டேன். பெண்ணின் சித்தப்பா பொறுப்பாக நின்றார். பன்னிரண்டு மணி வாக்கில் அந்தப் பெண் என்னிடம் வந்தது. தாலி கழுத்தில்தான் இருந்தது, புருஷன் வரவில்லை. மெலிந்து போயிருந்தது.

"அண்ணா, அந்தப் பாட்டு வச்சிருக்கீங்களா?"

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. "இருக்குதும்மா. வோணாம்மா" என்றேன்.

"போடுங்க. அப்பாவுக்கும் புடிக்கும். இந்த வாட்டி நிறுத்தாதீங்க."

போட்டேன். மாட்டுவண்டி மணியோடு வந்தது. சாவு வீட்டில் ஆடுகிற தாளம். ஒரு கிழவர் முகத்தைச் சுளித்தார். புல்லாங்குழல் போனது, பதினோரு நொடி. என் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் சரணம் முழுசாக நான்கு வரியும் போனது. இந்தத் தடவை ஒருத்தரும் பாடவில்லை. வருகிறவர்களுக்கு வாசலில் பாய் விரித்திருந்தார்கள். கூட்டம் அவ்வளவாக இல்லை. பாயைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னது: "அன்னிக்கி எல்லாரும் பாடினாங்கன்னு சொல்வாங்கல்ல, நானும்தாண்ணா பாடனேன். தல குனிஞ்சிக்கினு இருந்தேன், யாருக்கும் தெரில. வாய் தானா போயிடுச்சி."

நான் தட்டை எடுத்து உறைக்குள் போட்டேன்.

"என்ஜினு தர முடியாதுன்னு அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். உங்க மேல பழியப் போட்டுட்டாரு. வேற யாரு மேல போடறது, சொல்லுங்க. பாட்டு வந்து இல்லன்னு சொல்லாது, நீங்களும் சொல்ல மாட்டீங்க."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டது. இதை அந்தப் பெண் கூட்டத்தில் உரக்கச் சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்கு ஒரு கல்யாணம் கிடைத்திருக்கும். இனி சொல்லி என்ன, கேட்க வேண்டியவர் பாடையில் இருந்தார். சொன்னால் நாளைக்கு ஊர் வாய் அந்தப் பெண்ணையே பேசும்.

பிணம் எடுப்பதற்கு முன்னால் சித்தப்பா வந்து எண்பது ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார். எங்கள் பக்கத்தில் சாவுக் கூலியைப் பாக்கி வைக்க மாட்டார்கள், போகிறவர் காலைக் கட்டும் என்பார்கள். அந்த வழக்கப்படியே கேட்டார்: "பெரியவரு ஒனக்கு எதனா தர வேண்டியது இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லிடுப்பா. அவரு நிம்மதியா போவட்டும்."

வாசற்படியில் அந்தப் பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒன்னும் இல்லீங்க" என்றேன்.

கடைக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தக் கல்யாணத்துக் கணக்கு எழுதியபடியே இருந்தது. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பேச்சு முந்நூறு, வரவு நூற்றுப் பதினைந்து, பாக்கி நூற்று எண்பத்தைந்து ரூபாய்.